படுக்கையில் இருப்பவர் சொல்லட்டும்: பழங்குடி நோயாளிகளும் நமது பராமரிப்பும்



மருத்துவமனைப் பதிவேடுகளில் 'சொல்லாமல் சென்றுவிட்டார்' என்றொரு குறிப்பு உண்டு. சிகிச்சை முடியும் முன்பே, மருத்துவரிடம் தெரிவிக்காமல் ஒரு நோயாளி வார்டை விட்டு வெளியேறினால் அவ்வாறு எழுதப்படும். அக்குறிப்பைப் படிப்போர் பெரும்பாலும் நோயாளியிடமே குறை காண்கின்றனர். பொறுமை இல்லை, விவரம் தெரியவில்லை, மருந்தில் நம்பிக்கை இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சென்றவர் பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்தால் இக்காரணங்கள் இன்னும் விரைவாக நாவில் வந்துவிடுகின்றன. அவருக்கு வார்டில் என்ன நேர்ந்தது, எந்தச் சொல் அவரை எழுந்து போகச் செய்தது என்ற கேள்விக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.

செவிலியர்களாகிய நாங்கள் இவ்விதழில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஒருவருக்கு அளிக்கப்பட்ட பராமரிப்பு பாதுகாப்பானதாக இருந்ததா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஊசி போட்டவர் அல்லர், போட்டுக்கொண்டவர். இதை ஏற்றுக்கொண்டால் வார்டில் பல பழக்கங்கள் மாற வேண்டியிருக்கும். அம்மாற்றம் எங்கள் பணியோடு முடிவதில்லை; பக்கத்துக் கட்டிலில் இருக்கும் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

யார் வருகிறார்கள்?

ஒசூரையும் கிருஷ்ணகிரியையும் தொழிற்சாலைகளின் ஊர்களாகவே பலரும் அறிவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப் பகுதி இது. ஆயினும் இம்மாவட்டத்தின் மற்றொரு முகம் காடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், உரிகம் பகுதிகளின் மலைச் சிற்றூர்களில் இருளர் மக்கள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என அரசால் அடையாளம் காணப்பட்டுள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர்; நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே, எந்த வார்டிலும் அவர்கள் தம்மவர் ஒருவர்கூட அருகில் இல்லாமல் தனித்துக் கிடக்க நேர்கிறது.

இன்னொரு கூட்டத்தினர் தொலைவிலிருந்து வருகின்றனர். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களின் பழங்குடி இளைஞர்களும் பெண்களும் தமிழ்நாட்டின் தொழிற்கூடங்களுக்கும் கட்டடப் பணிகளுக்கும் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் ஒசூரின் கைப்பேசி உற்பத்திப் பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டு வருவதை 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சரே பெருமையுடன் அறிவித்தார். சந்தாலி, முண்டாரி, குருக் முதலிய மொழிகளைப் பேசும் மக்களின் பிள்ளைகள் இவர்கள். அவர்களை 'இந்திக்காரர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் 'கண்' என்று சொல்லும் சொல்லுக்கு அம்மொழியிலும் ஓர் உடன்பிறப்புச் சொல் உண்டு. அந்நியர் என்று நாம் ஒதுக்கும் பெண், மொழியால் நமக்குத் தூரத்து உறவு.

காக்கி உடையும் பழைய நினைவும்

மருத்துவமனைக்கு வருவதற்கு ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்பவர்கள், வாயிலில் முதலில் எதிர்ப்படுவது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காக்கிச் சட்டை அணிந்த காவலாளி. பெயர், ஊர், சாதி, அட்டை என்று வரிசையாகக் கேள்வி கேட்கும் சாளரம். பிறகு சீருடை அணிந்த நாங்கள்.

நமக்கு அண்டை மாவட்டமான தருமபுரியில், அரூர் அருகே வாச்சாத்தி என்ற மலையடிவாரச் சிற்றூர் உள்ளது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், தீர்ப்பு நாளன்று உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதி செய்தது. நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. அந்நிகழ்ச்சி நடந்த காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று நடுத்தர வயதினர். நம் வார்டுகளில் தாய்மாராகவும் தந்தையராகவும் படுத்திருக்கும் வயதினர்.

அரசுச் சீருடையைக் கண்டால் அம்மலைகளின் மக்கள் ஒதுங்குவதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. வரலாறு அவர்களுக்குக் கற்பித்த எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையைத் தளர்த்தும் பொறுப்பு சீருடை அணிந்தவர்களுடையது. நம்பிக்கையை நோயாளி கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, மருந்தையும் அவரே கொண்டுவரட்டும் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை

நம் பகுதியில் பாம்புக்கடி அரிதன்று. அதற்கான மருந்துக் குப்பி எந்த அரசு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்பது மக்கள் அனைவரும் அறிந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டே அம்மருந்து தயாரிக்கப்படுகிறது. அந்த நஞ்சை எடுத்துத் தருவோர் யார்? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இந்நாட்டின் மருந்து உற்பத்தியாளர்களுக்கு நஞ்சு வழங்கிவருகிறது. காட்டின் தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடித்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடும் தொழில்நுட்பம் அவர்களுடையது. இச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாம்பு தீண்டிய ஓர் இருளர் பெரியவர் பச்சிலை கட்டிக்கொண்டு வந்தால், "இதையெல்லாம் யார் கட்டச் சொன்னது?" என்ற அதட்டல் பல மருத்துவமனைகளில் கேட்கக்கூடியதே. கடித்த இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு என்பதில் ஐயமில்லை. கால் அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனைக்கு வருவதே வழி. அதை அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் தெளிவாகச் சொல்லவே வேண்டும். ஆனால் சொல்லும் விதம் ஒன்று உண்டு. "என்ன இலை வைத்தீர்கள், எப்போது வைத்தீர்கள், உள்ளுக்கு ஏதேனும் கொடுத்தீர்களா?" என்று மதிப்போடு கேட்டால் மருத்துவருக்குத் தேவையான செய்தி கிடைக்கும். அதட்டினால் அச்செய்தி மறைக்கப்படும். அடுத்த முறை அவர் வராமலே இருந்துவிடுவார். நமது மருந்துக் குப்பிக்குள் இருப்பது அவருடைய உறவினர்களின் அறிவு என்பதை நினைவில் கொண்டால், குரல் தானே தணியும்.

மாவோரி செவிலியர் கற்பித்த பாடம்

இக்கருத்துக்கு ஒரு பெயரும் வரலாறும் உண்டு. நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி சமூகத்தைச் சேர்ந்த இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற செவிலியர் 1980-களின் இறுதியில் இதனை வளர்த்தெடுத்தார். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பண்பாட்டைக் காப்பாற்றி வைப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருத்துவமனைக்கு வரும் ஒருவர், தாம் இன்ன குடியில் பிறந்தவர் என்பதற்காக அங்கே காயப்படாமல் திரும்புவது என்பதே பொருள். 1992-இல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் இதனைச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. செய்தித்தாள்களிலும் அரசியல் மேடைகளிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அப்பாடம் நிலைத்தது. ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளுக்கும் பரவியது.

ராம்ஸ்டனின் கருத்தில் எங்களை மிகவும் ஈர்ப்பது ஒன்று. மாவோரி மக்களின் சடங்குகளை மனப்பாடம் செய்யுமாறு அவர் செவிலியர்களைக் கேட்கவில்லை. தம்மையே திரும்பிப் பார்க்குமாறு கேட்டார். எந்தச் சாதியில், எந்த வசதியில், எந்த மொழியில் வளர்ந்தோம்? நம் கண்ணுக்கு எது தூய்மை, எது அநாகரிகம்? கட்டிலருகே நிற்கும்போது நம் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடாமல், 'பழங்குடியினரின் பழக்கவழக்கங்கள்' என்று ஒரு பட்டியலை வைத்துக்கொள்வதால் பயன் சிறிதே. இருளரில்கூட ஒரு மலையின் வழக்கம் மற்றொரு மலையில் இராது. கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பான வழி.

இதைச் செய்யத் தவறினால் நேர்வது மனவருத்தம் மட்டுமன்று. கனடாவின் வின்னிபெக் நகரில் 2008-இல் பிரையன் சின்க்ளேர் என்ற பூர்வகுடி மனிதர் சக்கர நாற்காலியில் அவசரப் பிரிவுக்கு வந்து 34 மணி நேரம் காத்திருந்து, யாரும் கவனிக்காமலே இறந்தார். குடித்துவிட்டு உறங்குகிறார் என்றும் குளிருக்கு ஒதுங்கியவர் என்றும் கண்டவர்கள் எண்ணிக்கொண்டனர். அவருக்கு இருந்தது எளிதில் குணப்படுத்தக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்று. அதே நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 2020 செப்டம்பர் 28 அன்று, ஏழு குழந்தைகளின் தாயான ஜாய்ஸ் எச்சகுவான் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே, ஊழியர்கள் தம்மை இழித்துப் பேசுவதைக் கைப்பேசியில் நேரலையாகப் பதிவு செய்தார். அன்றே உயிர் துறந்தார். இனவெறுப்பும் முன்முடிவும் அவர் மரணத்துக்குக் காரணமாயின என்று விசாரணை அதிகாரி எழுதினார். இவ்விரு மரணங்களும் கருவிகளும் மருந்துகளும் நிறைந்த பெரிய மருத்துவமனைகளில் நடந்தவை.

வார்டில் இது எப்படி இருக்கும்?

முதலாவது, விளிக்கும் சொல். தமிழில் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. கன்னடத்தில் 'நீனு', 'நீவு'. தெலுங்கில் 'நுவ்வு', 'மீரு'. இந்தியில் 'தும்', 'ஆப்'. இந்த எல்லைப் பகுதியில் பேசப்படும் நான்கு மொழிகளிலும் மரியாதைக்குத் தனிச்சொல் இருக்கிறது. ஆகவே, எந்த மொழியில் பேசினாலும் ஒருவரைத் தாழ்த்தினோமா உயர்த்தினோமா என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். சட்டை மடிப்புக் கலையாத தொழிலதிபருக்கு 'வாங்க சார்' என்றும், மலையிலிருந்து வந்த மூதாட்டிக்கு 'ஏய், இங்க வா' என்றும் சொல்லும் வார்டு இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தாலும் ஒரே பராமரிப்பைக் கொடுத்ததாகாது.

இரண்டாவது, உடல். ஆடை விலக்கும் முன் திரையை இழுப்பதும், ஏன் விலக்குகிறோம் என்று சொல்வதும் எவருக்கும் உரியவை. இரத்தம் எடுக்கும்போது, எவ்வளவு எடுக்கிறோம் என்று காட்டினால் அச்சம் பாதியாகக் குறையும். ஒரு சோதனைக்கு எடுக்கும் 5 மில்லிலிட்டர் என்பது ஒரு தேக்கரண்டி அளவே. இடுப்பிலும் கையிலும் கட்டியிருக்கும் கயிறு, மணி, தாயத்து ஆகியவற்றைக் கேளாமல் கத்தரிக்கக் கூடாது. அறுவைச் சிகிச்சையின்போது உலோகத்தை அகற்றியே ஆக வேண்டும். மின்கருவியால் தோல் சுட்டுவிடும். அதைச் சொல்லி, கழற்றியதை உறவினரின் கையில் ஒப்படைத்து, முடிந்ததும் அவர்களே கட்டிவிடச் செய்யலாம். அறுவை நடக்கும் இடத்துக்கு அப்பாலுள்ள நூல் கயிற்றை மூடி ஒட்டிவைக்க முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். இதற்குச் செலவாவது ஐந்து நிமிடம்.

மூன்றாவது, வலி. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக அரிவாள் உயிரணு நோய்க்கூறு கண்டறியப்பட்டது. பிறப்பிலேயே வரும் இந்நோயில் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. குளிர், நீர்ச்சத்துக் குறைவு, கடும் உழைப்பு ஆகியவை அதனைத் தூண்டும். அப்போது எழும் எலும்பு வலி தாங்க முடியாதது. ஆனால் வெளியே காயமோ வீக்கமோ தெரியாமல் இருக்கலாம். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையேயும் இந்நோய் உண்டு. 2023 ஜூலை 1 அன்று இதனை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டு, பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை நடைபெறுகிறது. ஒசூரின் மார்கழிக் குளிரில் இரவுப் பணி முடித்து வந்து ஓர் இளம்பெண் வலியால் துடித்தால், 'விடுப்புக்கு நடிக்கிறாள்' என்று தீர்மானிப்பதற்கு முன் அந்த ஒரு பரிசோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நான்காவது, பிரசவம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிப்பதும், தாய் விரும்பும் நிலையில் பிள்ளை பெற இடமளிப்பதும் 2017-இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. உலக சுகாதார அமைப்பும் 2018-இல் இதையே வலியுறுத்தியது. குந்தியும் முழந்தாளிட்டும் பிள்ளை பெற்றுப் பழகிய பெண்களுக்கு இது புதுச் சலுகை அன்று. அவர்களது பாட்டிமார் அறிந்ததை மருத்துவம் பின்னர் ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

ஐந்தாவது, வீடு திரும்பும் நேரம். காகிதங்கள் எல்லாம் முடிந்து மாலை 4 மணிக்கு ஒருவரை அனுப்புவது நகரவாசிக்கு இடையூறன்று. அஞ்செட்டிக்கு அப்பால் செல்ல வேண்டியவருக்கு அது ஆபத்து. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தின் காடுகள் அவ்வழியில் உள்ளன. இருட்டியபின் யானைத் தடங்களில் பச்சிளங் குழந்தையோடு நடக்க முடியாது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டபின் வீடு அனுப்பும் நேரத்தை முடிவு செய்வதும் பராமரிப்பின் பகுதியே. அவ்வாறே, 'பெங்களூருக்குக் கொண்டு போங்கள்' என்ற சொல்லும். ஒசூரிலிருந்து 40 கிலோமீட்டர் என்பது நமக்குக் கூப்பிடு தூரம். மலையூர்க்காரருக்கு அது வேறு மாநிலம், வேறு மொழி, திரும்பி வரத் தெரியாத வழி. எந்த வாயில், யாரைப் பார்ப்பது, செலவு யாருடையது, எப்படித் திரும்புவது என்ற நான்கையும் தாளில் எழுதி, வாயாலும் விளக்கி அனுப்ப வேண்டும்.

ஆறாவது, இறப்பு. உயிர் பிரிந்தபின் உடலோடு இருக்கவும் அழவும் குடும்பத்தாருக்குச் சிறிது இடமும் நேரமும் தேவை. தம் மண்ணில், தம் முறைப்படி அடக்கம் செய்ய அவர்கள் விரைவதை அவசரம் என்று கருதலாகாது. கையெழுத்துக்காக அவர்களை மேசைக்கு மேசை அலையவிடாமல் இருப்பதே அந்நேரத்தில் நாம் செய்யக்கூடிய மரியாதை.

அருகிலேயே உள்ள முன்மாதிரிகள்

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோர்க்கு வெளிநாட்டைக் காட்ட வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்போது அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்ததாக அவர்கள் பதிவு செய்தனர். அவ்வூர்களின் பழங்குடிப் பெண்களையே அவர்கள் செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தனர். குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. நீலகிரியின் கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பு 1990 முதல் நடத்திவரும் ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகிய சமூகங்களே மருத்துவமனையைத் தம்முடையதாகக் கருதுகின்றன. அச்சமூகங்களின் பெண்கள் அங்கே செவிலியராகப் பணியாற்றுகின்றனர்.

இரண்டு இடங்களிலும் நிகழ்ந்தது ஒன்றே. நோயாளி தலை நிமிர்ந்து பார்க்கும்போது தம் மொழி பேசும் முகம் ஒன்று கட்டிலருகே நின்றது. நமது பகுதியிலும் இதுவே நிலையான தீர்வு என்று நாங்கள் நம்புகிறோம். மலையூர்ப் பெண்பிள்ளைகள் செவிலியர் படிப்பை முடித்து இவ்வார்டுகளில் பணியாற்றும் நாள் வர வேண்டும். அதுவரை, இருளர் மொழியும் சந்தாலியும் குருக்கும் அறிந்த ஒருவரை அழைக்கக்கூடிய ஏற்பாடு ஒவ்வொரு மருத்துவமனையிலும் வேண்டும்; ஒப்புதல் படிவத்தில் விரல்ரேகை வாங்கும் முன், நோயாளி தாம் புரிந்துகொண்டதைத் தம் சொல்லில் திரும்பக் கூறும்வரை காத்திருக்கும் பழக்கமும் வேண்டும்.

மறுத்துச் சொல்வோர்க்கு

'எல்லாரையும் ஒரேவிதமாக நடத்துகிறோம், அது போதாதா?' என்று எங்கள் தொழிலில் உள்ளோரே கேட்பதுண்டு. நல்ல எண்ணத்தில் எழும் கேள்விதான். ஆனால் கண் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் ஒரே அறிவிப்புப் பலகையைக் காட்டுவது சமத்துவம் ஆகாது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்காக அமைந்த வார்டு ஏற்கெனவே ஒருவருக்குச் சலுகை தந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை.

'ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள் இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பது இன்னும் வலுவான மறுப்பு. பணிச்சுமை உண்மை; செவிலியர் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று நாங்கள் தொடர்ந்து கேட்போம். எனினும் மரியாதையாக விளிப்பதற்குக் கூடுதல் நேரம் வேண்டியதில்லை. பாதியில் வெளியேறியவர் நோய் முற்றித் திரும்பி வரும்போது செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டால், முதல் நாள் விளக்கிச் சொல்லும் ஐந்து நிமிடம் சேமிப்பே ஆகும்.

தீங்கான பழக்கத்தையும் ஏற்க வேண்டுமா என்றால், வேண்டாம். மதிப்பது வேறு, தலையசைப்பது வேறு. உயிருக்கு ஆபத்தானதை ஆபத்து என்றே சொல்வோம். மதிக்கப்பட்டவரே அதைக் காது கொடுத்துக் கேட்பார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

இறுதியாக, இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் உங்களிடம் சில சொற்கள். ஒரு வார்டின் சூழலை உருவாக்குவோர் செவிலியர் மட்டும் அல்லர். பக்கத்துக் கட்டிலில் மலையூர்க் குடும்பம் ஒன்று இருந்தால், மூக்கைச் சுளிக்கும் பார்வையும் 'கட்டிலை மாற்றிக் கொடுங்கள்' என்ற முணுமுணுப்பும் அவர்கள் காதுக்கு எட்டாமல் இராது. வேற்று மொழி பேசும் பெண்ணைப் பார்த்து எழும் சிரிப்பும் அவ்வாறே. அதற்கு மாறாக, குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே, மருந்துச் சீட்டை எந்தச் சாளரத்தில் நீட்டுவது என்று காட்டிக்கொடுக்கும் ஒரு கை, எங்கள் பணியில் பாதியைச் செய்து முடிக்கிறது.

நீங்களே பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால், இதனை யாரேனும் உங்களுக்குப் படித்துக் காட்டினால், ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைக் கூறுகிறது. தகவல் பெறுவதும், தனிமை காக்கப்படுவதும், மனித மாண்போடு நடத்தப்படுவதும், பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவதும் அவற்றுள் அடங்கும். இவை யாருடைய தயவும் அல்ல. புரியவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள். ஒரு சொல்லோ செயலோ உங்களைப் புண்படுத்தியிருந்தால், வார்டின் பொறுப்புச் செவிலியரிடம், உங்களுக்கு வாய்க்கும் எந்த மொழியிலும் தெரிவியுங்கள். எழுத வேண்டியதில்லை; சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

போக வேண்டும் என்று தோன்றினால், போவதற்கு முன் ஏன் என்று ஒருமுறை எங்களிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனைக் கருவியும் காட்டித் தராத செய்தி அது. அதை உங்களிடமிருந்து மட்டுமே நாங்கள் பெற முடியும்.